அன்னாசியும் உப்புக்கண்டமும்

சென்ற ஐப்பசியில் ஒரு இரண்டாம் சனிக்கிழமை. வங்கிக்கு விடுமுறை. வெளியே விடாத மழை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பன்றி இறைச்சியும் அன்னாசிப் பழமும் வைத்து ஒரு பீட்ஸா செய்தேன். ஓர் இலக்கியப் பத்திரிகையில் இதைச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நானே பிறரை அப்படிக் கேட்டுவந்தவன்தான். மூன்று வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்புக்கு ஒரு மதிப்புரை எழுதினேன். அந்த மதிப்புரையைப் பற்றி நான் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதை இந்தச் சமையலை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

நண்பர் துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குபவர். அவருடைய கவிதைகளில் கிரேனின் உறுப்புகளுக்குத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர்கள் வரும். அடுத்த வரியிலேயே ஒற்றியூர்க் கோயிலில் ஓதுவார் பாடக் கேட்ட சொற்கள் வரும். அதற்கடுத்து ஏதோ ஒரு மலையாள சினிமாப் பாட்டின் துண்டு. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன். கையில் ஆயுதம் தயாராக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டு மெடஃபிஸிக்கல் கவிகள் ஒவ்வாத விஷயங்களைப் பலவந்தமாக ஒரே நுகத்தில் பூட்டினார்கள் என்று டாக்டர் ஜான்ஸன் குறைப்பட்டார் அல்லவா, அந்தக் குறையை எடுத்து அப்படியே நண்பர் மீது சாத்தினேன். ‘இரவல்’ என்று எழுதினேன். ‘ஒட்டுப்போட்ட துணி’ என்று எழுதினேன். ‘இந்தக் கவிதை எந்த மரபின் பிள்ளை என்று தெரியவில்லை’ என்றும் எழுதினேன். கடைசி வாக்கியம் அப்போது எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

நண்பர் பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடும் இடத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அதற்குப்பின் அவர் பெயரில் ஒரு கவிதையும் நான் எங்கும் பார்க்கவில்லை. என் மதிப்புரைதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்குக் கர்வம் இல்லை. இல்லை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தைரியமும் இல்லை.

இனி பீட்ஸா.

அன்னாசி வைத்த பீட்ஸாவைப் பற்றி உலகத்தில் நடக்கிற சண்டை தமிழ் இலக்கியச் சண்டைகளுக்குச் சளைத்ததல்ல. ஐஸ்லாந்து நாட்டின் அதிபர் 2017இல் ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவர்களிடம், தன்னால் முடிந்தால் பீட்ஸாவில் அன்னாசி போடுவதைச் சட்டம் போட்டுத் தடுப்பேன் என்று சொல்ல, அது உலகச் செய்தியாயிற்று. தனக்கு அப்படி ஓர் அதிகாரம் இல்லை என்று பிறகு அவரே விளக்கம் சொல்லவேண்டி வந்தது. எதிர்ப்பவர்களின் வாதம் பெரும்பாலும் ருசியைப் பற்றியதே அல்ல. இது அசல் இல்லை, இத்தாலியில் இப்படி இல்லை என்பதே வாதம்.

இல்லைதான். ஹவாயன் பீட்ஸா என்று பெயர் பெற்ற இந்தப் பண்டத்துக்கும் ஹவாய்த் தீவுக்கும் சம்பந்தம் கிடையாது. இதைச் செய்தவர் சாம் பானோபூலோஸ் என்ற கிரேக்கர். 1954இல் இருபது வயதில் கப்பலேறிக் கனடாவுக்குப் பிழைக்கப் போனவர். வழியில் கப்பல் நேப்பிள்ஸில் நின்றபோதுதான் பீட்ஸா என்ற ஒன்றை முதலில் பார்த்தார். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் சாத்தம் என்ற ஊரில் சகோதரர்களோடு உணவுவிடுதி நடத்தினார். அங்கே சீனச் சாப்பாடும் போட்டார்கள். அதில் இனிப்பும் புளிப்பும் இறைச்சியோடு கலந்து வரும். 1962இல் ஒருநாள், என்ன ஆகிறது பார்ப்போம் என்று, டின்னில் அடைத்த அன்னாசியை ஹாமோடு சேர்த்துப் பீட்ஸாவின் மேல் வைத்தார். டின்னின் மேல் இருந்த வியாபாரப் பெயர் பீட்ஸாவின் பெயராயிற்று. 2017இல், அந்த அதிபர் பேசிய அதே வருஷம் ஜூன் மாதம், செத்துப்போனார். அதே வருஷம் டிசம்பரில் நேப்பிள்ஸ் பீட்ஸாக்காரர்களின் கைத்திறனை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வமாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. அசலுக்குப் பத்திரம் கிடைத்துவிட்டது. அந்த அசலின் மேல் பூசுகிற தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொலம்பஸுக்குப் பிறகு வந்தது என்பதைப் பத்திரம் பெரிதுபண்ணுவதில்லை.

இந்தச் சரித்திரத்தில் என்னை நிறுத்திய விஷயம் 1962 என்ற வருஷம். அதே வருஷம் மார்ச்சில் பர்மாவில் நெ வின் ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டொரு வருஷங்களில் கடைகளும் தொழில்களும் தேசியமயமாக, தலைமுறை தலைமுறையாய் அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் ஒன்றுமில்லாமல் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியில் குடியேறினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வைத்தார்கள். அதன் பின்தெருவில் தள்ளுவண்டியில் அத்தோ விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸும் பச்சை வெங்காயமும் வறுத்த வெங்காயமும் போட்டு, புளிக்கரைசலும் பூண்டெண்ணெயும் மிளகாய்த்தூளும் விட்டு, மேலே தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். குடிக்க வாழைத்தண்டு சூப். இது பர்மாவில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அந்த வண்டியின் முன்னால் நின்று எவனும் கேட்டு நான் பார்த்ததில்லை. மழை நாளில் நாலு பேர் குடைக்குள் நெருக்கிக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

சாவியைப் போட்டு அலமாரியைத் திறந்து கத்தியை எடுத்து, ஜன்னல் ஓரத்து மேஜையில் வைத்து அன்னாசியை நறுக்குகிற தமிழன் அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஐந்து போர்த்துகீசியச் சொற்களைக் கையாண்டுவிடுகிறான். அதில் அன்னாசி போர்த்துகீசியம்கூட அல்ல. தென்னமெரிக்காவின் துப்பி மொழியில் அவர்கள் வாங்கி, பழத்தோடு சேர்த்து இங்கே இறக்கியது. ஹாமுக்கு மட்டும் நாம் யாரிடமும் கடன் வாங்கவேண்டியதில்லை. உப்புக்கண்டம் என்று நம்மிடம் சொல் இருக்கிறது. ஆட்டிறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைப்பது உப்புக்கண்டம். ஹாம், பன்றித் தொடையை உப்பில் ஊறவைத்துப் பக்குவம் செய்து வேகவைப்பது அல்லது புகையில் இடுவது. வெயிலுக்குப் பதில் உப்புநீர். மற்றபடி காரியம் ஒன்றுதான்: கெட்டுப்போகாமல் இருக்க உப்பின் உதவியை நாடுவது.

ஆனால் சொல் இருக்கிறது என்பதால் பொருள் வீட்டுக்குள் வந்துவிடாது. எங்கள் வகையறாவில் ஆடு உண்டு, கோழி உண்டு, மீனும் கருவாடும் இல்லாத வாரம் இல்லை. பன்றி கிடையாது. ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் ஆரோக்கியத்தைச் சொல்வார்கள், சுத்தத்தைச் சொல்வார்கள். இரண்டும் காரணம் இல்லை. நம்மிடையே ‘நீங்கள் பன்றி சாப்பிடுவீர்களா?’ என்பது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியே அல்ல. நேராகக் கேட்க முடியாத இன்னொரு கேள்விக்கு அது முகமூடி. வேலையில் சேர்ந்த புதிதில் மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் என்னிடம் ஒருவர் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் சிரித்துக்கொண்டே இல்லை என்றேன். மேஜையில் ஏதோ ஒரு இறுக்கம் தளர்ந்தது எனக்குத் தெரிந்தது. அந்தத் தளர்ச்சியின் சுகத்தை நானும் அனுபவித்தேன்.

சொன்னது பொய். பத்து வயதில் நான் பன்றி சாப்பிட்டிருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. அவரோடு வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ராயபுரத்தில், 1856இல் திறந்த அந்தப் பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால் குடியிருந்தார். பீட்டருக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர் இராயப்பர். அவர் பெயரால் ஊர். ஊரில் மாதா கோயிலும், பார்சிகளின் அக்கினிக் கோயிலும், காசிமேட்டு மீன் வாடையும். 1998 கிறிஸ்துமஸ் அன்று அப்பா என்னை மட்டும் அழைத்துக்கொண்டு அங்கே போனார். ஆன்ட்டி பெரிய தட்டில் ஹாம் கொண்டுவந்து வைத்தாள். மேலே கிராம்பு குத்தி, டின் அன்னாசி வட்டங்களை வரிசையாகப் பதித்திருந்தது. டின் பர்மா பஜாரில் வாங்கியது என்று அங்கிள் பெருமையாகச் சொன்னார். உப்பும் தித்திப்பும் சேர்ந்து முதலில் நாக்கு திகைத்தது. பிறகு இன்னொரு துண்டு கேட்டேன். திரும்பி வரும்போது தங்கசாலை பஸ் நிறுத்தத்தில் அப்பா சட்டைப்பையிலிருந்து இரண்டு ஏலக்காய் எடுத்து, ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு மற்றதை என்னிடம் கொடுத்தார். ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்றார். அவ்வளவுதான். அங்கிள் குடும்பம் சில வருஷங்களில் ஆஸ்திரேலியா போய்விட்டது. அப்பா இப்போது இல்லை. அந்த ருசி மட்டும் யாரிடமும் சொல்லாத ஒன்றாக என்னிடம் தங்கிவிட்டது.

‘அனுபவ உண்மை’ என்ற பதத்தை என் கட்டுரைகளில் எத்தனை தடவை உபயோகித்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

ஹாமை ஆயிரம் விளக்குப் பக்கம் ஒரு குளிர்பதனக் கடையில் வாங்கி, மெட்ரோ ரயிலில் தேரடி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இருநூறு கிராம். அம்மாவிடம் மறைக்கக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன். சொன்னேன். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிறவள். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, ‘என் கல்லத் தொடாத, என் பாத்திரத்தத் தொடாத. இன்னா பண்ணிக்கினியோ பண்ணிக்கோ’ என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்க் கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். தேரடியில் ஒரு அலுமினிய வாணலியும் மூடியும் வாங்கிவந்தேன். அடுப்பு ஒன்றுதான், அதற்கு அம்மா ஆட்சேபம் சொல்லவில்லை. மனைவி, ‘நான் சாப்பிடமாட்டேங்க, ஆனா மாவு பெசஞ்சு தரேன்’ என்றாள்.

வீட்டில் ஓவன் இல்லை. வாணலியில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதற்குள் வளையம் வைத்து, அதன்மேல் தட்டை வைத்து மூடுவது பழைய கேக் முறை. மணலைக் கட்டடச் சாமான் கடையில் காசு கொடுத்து வாங்கினேன். கடலோர ஊரில் இது விசித்திரம். துறைமுகத்தின் சுவர்கள், வடக்கே நகர்ந்து வரவேண்டிய மணலைத் தெற்கிலேயே தேக்கிவிட்டன. அந்த மணல்தான் மெரினா. எங்கள் பக்கம் கரை அரித்துப்போய்க் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

கால் கிலோ மைதா, நூற்றறுபது மில்லி தண்ணீர், அரை ஸ்பூன் ஈஸ்ட், ஒரு ஸ்பூன் உப்பு. மழையிலும் ஒன்றரை மணி நேரத்தில் மாவு இரண்டு பங்காக எழும்பிவிட்டது. தக்காளியைப் பூண்டோடு வற்றவைத்துப் பூசி, சீஸைத் துருவிப் போட்டு, ஹாமையும் பச்சை அன்னாசித் துண்டுகளையும் வைத்து மூடினேன். இருபது நிமிஷம் கழித்துத் திறந்தபோது குளம். பழம் விட்ட சாற்றில் நடுமாவு வேகாமல் கூழாயிருந்தது. சீஸ் வெளிறி, தின்றால் லேசாகக் கசந்தது. பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. நாக்கை அரிப்பதும் அதுவே, பாலில் போட்டால் பால் கசப்பதும் அதனாலேயே. டின்னில் அடைக்கும்போது சூட்டில் அது செத்துவிடும். பானோபூலோஸுக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்காது. முதல் பீட்ஸாவைத் தின்றுகொண்டே நண்பர்மீது நான் சொன்ன குற்றச்சாட்டு எவ்வளவு கச்சிதமாக இதற்குப் பொருந்துகிறது என்று நினைத்தேன். ஒவ்வாதவை, பலவந்தமாக. ஒன்றின் மேல் ஒன்று இருந்தன. ஒன்றோடு ஒன்று இல்லை.

முன்னறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. ‘பழத்த மொதல்ல கல்லுல வாட்டுடா. தண்ணி வுடும்ல.’

பார்க்காமலே சொன்னாள். வாசனையில் தெரிந்திருக்கிறது. இரண்டாவதற்குப் பழத்தை மெல்லிசாக நறுக்கி, வாணலியில் எண்ணெயில்லாமல் இரண்டு பக்கமும் விளிம்பு கருகும்வரை வாட்டினேன். தண்ணீர் சுண்டியது, தித்திப்பு இறுகி ஒருவிதக் கருப்பட்டி நிறம் வந்தது. ஹாமையும் அதே சூட்டில் ஒரு புரட்டு. மாவை முதலில் தனியே பாதி வேகவைத்தேன். ராயபுரத்து ஆன்ட்டி கேக்குக்கு மேலும் கீழும் நெருப்பு வைப்பாள் என்பது ஞாபகம் வந்தது. கொட்டாங்கச்சிக் கரியை மூட்டி மூடியின்மேல் பரப்பினேன். பத்து நிமிஷம். சீஸ் அங்கங்கே பழுப்பாகக் கொப்புளித்திருந்தது. ஹாமின் கொழுப்பு உருகி அன்னாசியின் மேல் ஓடியிருந்தது. ஒரு துண்டைக் கடித்தேன். கொழுப்பைப் புளிப்பு அறுத்தது. உப்பு தித்திப்பைத் தூக்கிக் காட்டியது. எது எங்கே முடிகிறது என்று நாக்கால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நேப்பிள்ஸ் அடுப்பின் சூட்டுக்கு என் வாணலி பாதிகூட வராது. இது அசலும் இல்லை, அசலாகாத கனடாப் பண்டத்தின் அசலும் இல்லை. இருந்தும் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் வித்தியாசம் இருந்தது. இரண்டிலும் பொருள்கள் அவையேதான்; அவற்றின் பூர்வீகமும் அதேதான். ஆக, முதலாவதன் கோளாறு பூர்வீகத்தில் இல்லை.

ஜான்ஸனைப் படித்த வகுப்பிலேயே எலியட்டின் 1921ஆம் வருஷத்துக் கட்டுரையையும் படித்தேன். காதல் வயப்படுவது, ஸ்பினோஸாவைப் படிப்பது, டைப்ரைட்டர் சத்தம், சமையல் வாசனை – சாதாரண மனிதனுக்கு இவை வேறு வேறு. கவியின் மனசில் இவை எப்போதும் புதிய முழுமைகளாகிக்கொண்டிருக்கின்றன என்பது அவர் வாதம். ஜான்ஸனின் குறையை எடுத்துப் பேசிவிட்டுத்தான் அங்கே வருகிறார். நான் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறேன், சமையல் வாசனையை விட்டுவிட்டு. நண்பரின் கவிதையில் கிரேனும் ஓதுவாரும் ஒரே சூட்டில் வாடினார்களா, இல்லையா என்று பார்த்திருக்கவேண்டும். நான் பார்க்கவில்லை. எந்த மரபின் பிள்ளை என்று கேட்டேன். அது மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. சிரித்துக்கொண்டே கேட்டவரிடமிருந்து அதை வாங்கி, இலக்கியச் சொல்லில் சுற்றி, பதில் சொல்ல விரும்பாத இன்னொருவரிடம் கேட்டிருக்கிறேன். புதுக்கவிதையை மேற்கத்திய இரவல் என்று பண்டிதர்கள் சொன்னபோது ‘எழுத்து’க்காரர்கள் பட்ட அவஸ்தையை அனுதாபத்தோடு எழுதியவனும் நானே.

அந்தத் தொகுப்பை மறுபடி எடுத்து வாசித்தேன். எல்லாக் கவிதைகளும் இப்போது எனக்குப் பிடித்துவிட்டன என்று சொன்னால் அது வேறொரு பொய்யாகிவிடும். ஏழெட்டில் சினிமாப் பாட்டு சும்மா மேலே கிடக்கிறது. சாறு விட்டுக் கவிதையை நனைக்கிறது. ஆனால் இரவு ஷிஃப்டில் பளுதூக்கியின் கூண்டில் தனியே உட்கார்ந்திருப்பவனுக்கு, கீழே கொக்கியில் தொங்கும் பெட்டியும் விடியற்காலை ஓதுவாரின் குரலும் ஒன்றாகிற கவிதை ஒன்று இருக்கிறது. அதில் எதையும் பிரித்து எடுக்க முடியாது. மதிப்புரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. பிடிக்காதவற்றுக்கு நான் சொன்ன காரணம் பொய். பிடித்ததைச் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய பொய். இதை அவர் வாசிப்பாரா என்று தெரியாது. வாசிக்கவேண்டியவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் பத்திரிகையில் எழுதுகிறேன். ஒரு பிரதியை அவர் வீட்டில் நானே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன்.

சனிக்கிழமை விஷயத்தை முடித்துவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு வாணலியைப் பின்கட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

‘உங்கப்பா வருசா வருசம் கிறிஸ்மஸ் அன்னிக்கி ஏலக்கா மென்னுகினு வருவாரு’ என்றாள். ‘ஒரு வருசம் நீயும் மென்னுகினு வந்த.’

நான் நிமிரவில்லை. ‘ஏம்மா கேக்கல?’

‘கேட்டா இன்னா சொல்லுவாரு? இல்லன்னுவாரு. எதுக்கு ஒரு மனுசன பொய் சொல்ல வெக்கணும்?’

மழை இரண்டு நாள் நீடித்தது. காசிமேட்டுப் படகுகள் கடலுக்குப் போகவில்லை; மீன் இல்லை. திங்கட்கிழமை காலை அம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அதில் மாங்காய் போடுவது வழக்கம். உப்பேறிய கருவாட்டுக்குப் புளிப்பும் லேசான தித்திப்புமாய் மாங்காய் இல்லாவிட்டால் அவளுக்குக் குழம்பு குழம்பாகாது. ஐப்பசியில் மாங்காய்க்கு எங்கே போவது? வங்கிக்குக் கிளம்பும்முன் தட்டில் குழம்பை ஊற்றியபோது மஞ்சளாக ஒரு துண்டு விழுந்தது. சனிக்கிழமை மீந்த அன்னாசி. வாட்டித்தான் போட்டிருந்தாள், விளிம்பு கருகியிருந்தது.

‘எப்பிடி இருக்கு?’ என்றாள்.

நன்றாக இருக்கிறது என்றேன். அவளும் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

‘தித்திப்பு கொஞ்சம் தூக்கலாக்கீது. அடுத்த தபா பழம் இவ்ளோ பழுத்தது வாங்காத’ என்றாள்.